பதிவு மேசையை மணவறைக்கு முன்னால் போடுங்கள்

ஐயரும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம், தெரிந்த ஒருவரே எங்கள் கலியாணத்தை நடத்திவைக்கட்டும் என்று கேட்டு வருகிற பிள்ளைகளைக் கொழும்பில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். "அது செல்லுமா அக்கா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. சடங்கை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், அதைச் சட்டப்படி கலியாணமாக்க விவாகப் பதிவாளர் வேண்டும் என்பது என் பதில். நான் நடத்திவைப்பவள், பதிவாளர் அல்ல. இந்த வித்தியாசத்தைக் கடைசி வரைக்கும் மறக்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நெடுங்காலம் கிளார்க்காக இருந்தேன். அங்கே வந்த கோவைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை விவாகரத்து வழக்குகள் அல்ல. கோயிலில் ஐயர் முன்னால் தாலி கட்டி, பிள்ளைகள் பெற்று, ஊரறிய வாழ்ந்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்ட பெண்களின் கோவைகள்தான். கணவர் இறந்த பிறகு காணிக்கோ காசுக்கோ உரிமை கேட்கப் போனால், "நீங்கள் மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பார்கள். நமது நாட்டில் வழக்கப்படி சடங்கோடு நடந்த இந்துக் கலியாணத்தை, பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் தள்ளிவிடுவதில்லை. ஆனால் பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான் சட்டத்தின் கண்ணில் மிகச் சிறந்த சான்று. அது இல்லையென்றால் பழைய அல்பம், அழைப்பிதழ், அன்று வந்த ஐயர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஐயர் உயிரோடு இருந்தால் சரி.

அதனால்தான் பக்கத்து ஃபிளாட் பிள்ளை வந்து, "அக்கா, நீங்களே நிண்டு செய்து தாங்கோவன்" என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மாலையோ மேளமோ அல்ல, பதிவேடு.

அவள் வெள்ளவத்தை, வீட்டில் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். மாப்பிள்ளை கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தமிழ் பேசும் இரண்டு வீடுகள்தான், ஆனாலும் ஆறு மைல் தூரத்தில் இரண்டு உலகங்கள். கோயிலில் வைக்க மாப்பிள்ளையின் அம்மா சம்மதிக்கவில்லை. சேர்ச்சில் வைக்கப் பெண்ணின் பெரியம்மா சம்மதிக்கவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் தாலி. கத்தோலிக்கத் தமிழரும் தாலி கட்டுகிறவர்கள்தானே. திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணம் முடிப்பதென்றால் கத்தோலிக்கருக்குத் திருச்சபையின் விலக்கு அனுமதி தேவை, வெறும் பதிவுத் திருமணத்தைத் திருச்சபை தன் கணக்கில் திருமணமாக எடுக்காது. இதை மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, "முதல்ல உங்க பாதரோட பேசிட்டு வாங்க" என்று அனுப்பினேன். அவர் பேசினார். என்ன முடிவெடுத்தார் என்பது அவர் விஷயம், நான் துருவவில்லை. ஆனால் கலியாணம் முடிந்த பிறகு இதைக் கேள்விப்பட்டுத் திகைப்பதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இதற்கிடையில் மாப்பிள்ளையின் மச்சான் ஒருவர் கலிபோர்னியாவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்து குதித்தார். யுனிவர்சல் லைஃப் சேர்ச் என்ற அமைப்பில் இணையத்தின் வழியாகக் குருப்பட்டம் வாங்கி, அங்கே தன் நண்பருக்குக் கலியாணம் செய்து வைத்தவராம். "நானே வந்து செய்றேன், அக்கா எதுக்கு?" என்றார். அவர் அங்கே செய்தது செல்லுபடியானதுதான். கலிபோர்னியாவில் ஜோடி முதலில் கவுன்டி அலுவலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுக்கிறது, அது 90 நாள் செல்லும். நடத்திவைத்தவர் அதில் கையெழுத்திட்டு 10 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே சடங்கு செய்கிறவரும் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கலாம். இங்கே 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அந்த இடத்தை இரண்டு பேருக்குத்தான் கொடுக்கிறது: ஒருவர் அரசு நியமித்த பதிவாளர், மற்றவர் பதிவு செய்யப்பட்ட வழிபாட்டிடத்தில் திருமணம் நடத்தும் கிறிஸ்தவ குரு. நமது கோயில் குருக்கள்மாருக்குக்கூட அந்த அதிகாரம் இல்லை. அவர்கள் நடத்தும் கலியாணத்துக்கும் பதிவாளர் தனியாக வரத்தான் வேண்டும். மச்சானிடம் இதைச் சொன்னதும், "அப்ப நான் டான்ஸ் மட்டும் ஆடுறேன்" என்றார். நல்ல மனிதர்.

இன்னொரு பக்கத்திலிருந்து தமிழ்நாட்டு உதாரணம் வரும். அங்கே 1967இல் அண்ணாதுரை ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, புரோகிதர் இல்லாத சீர்திருத்தத் திருமணங்களைச் செல்லுபடியாக்கினார்கள். உறவினர் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றி, அல்லது தாலி கட்டி, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அருமையான சட்டம். ஆனால் அது பாக்கு நீரிணையின் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. யூடியூபில் பார்த்துவிட்டு வந்து "பெரியவர் ஒருவர் தலைமை தாங்கினால் போதும்தானே" என்று கேட்பவர்களுக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சரி, கடதாசி வேலைக்கு வருவோம். சொல்லச் சின்ன விஷயம்தான், ஆனால் திகதிகள் இடிப்பது இங்கேதான். கலியாணத்துக்கு முன்னால் பதிவாளரிடம் விவாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கொடுப்பவர் அதற்கு முந்திய 10 நாளாவது அந்தப் பதிவாளரின் பிரிவில் வசித்திருக்க வேண்டும். இருவரும் ஒரே பிரிவென்றால் ஒரு பதிவாளரோடு வேலை முடியும். வேறு வேறு பிரிவென்றால் அவரவர் தங்கள் பிரிவுப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஜோடிக்கு வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று. அறிவித்தல் பதிந்த பிறகு 12 நாள் கழிய வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தெரிவிப்பதற்கான காலம் அது. அதன் பிறகு, அறிவித்தல் கொடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் நடந்துவிட வேண்டும். பிந்தினால் திரும்ப முதலிலிருந்து. 12 நாள் காத்திருக்க முடியாதவர்கள் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விசேட அனுமதிப்பத்திரம் கேட்கலாம். வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம்.

மண்டபத்துக்கு முற்பணம் கட்டுகிற அன்றே பதிவாளரிடமும் போங்கள். மண்டபத்தை ஒரு வருடத்துக்கு முன் பிடித்துவிட்டு, பதிவாளரைக் கடைசிக் கிழமையில் தேடுகிறவர்கள்தான் அதிகம். நல்ல நாளென்றால் ஒரே காலையில் அவருக்கு நாலைந்து இடங்கள் இருக்கும். பதிவாளரின் அலுவலகத்துக்கோ வழிபாட்டிடத்துக்கோ வெளியே, அதாவது மண்டபத்திலோ வீட்டிலோ பதிவதற்கு வேறு அனுமதியும் கட்டணமும் உண்டு. உங்கள் மண்டபம் அவருடைய பிரிவுக்குள் வருகிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். காலி வீதியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கட்டடங்கள் ஒரே பிரிவில் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எங்கள் பதிவாளர் வயதான யாழ்ப்பாணத்து மனிதர். வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். போய் உட்கார்ந்ததும் சொன்னார்: "பிள்ளை, எனக்குப் பத்து நிமிஷம் காணும். மூலையில ஒரு மேசையைப் போட்டுவிடுங்கோ. சாப்பாட்டுக்கு முதல் எழுத்தை முடிச்சிட்டுப் போயிடுவன்."

கொழும்பில் நான் போன எத்தனையோ கலியாணங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். மேடையில் ஐயர், ஓமம், வீடியோ வெளிச்சம். பிறகு எல்லோரும் பந்திக்கு எழும்பும் நேரத்தில், ஐஸ்கிரீம் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் பெண்ணும் மாப்பிள்ளையும் குனிந்து கையெழுத்துப் போடுகிறார்கள். சுற்றிவர நாலு பேர். புகைப்படக்காரர்கூடச் சாப்பிடப் போயிருப்பார். சில வீடுகளில் மாதக்கணக்கில் முன்பே எழுத்து, அதாவது பதிவு, முடிந்துவிடும், விசாவுக்காக. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐயர் இல்லாத கலியாணத்தில் எழுத்தையும் மூலைக்குத் தள்ளினால் நடுவில் மிச்சம் என்ன இருக்கிறது? நான் பேசுகிற பேச்சா? அதைக் கேட்கவா முந்நூறு பேர் பட்டும் வேட்டியும் கட்டிக்கொண்டு வருகிறார்கள்?

"ஐயா, மூலையில வேண்டாம். மணவறைக்கு முன்னாலயே மேசையைப் போடுறம். நடுவில வாங்கோ" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மைக் தருவியளோ?" என்றார்.

தருவோம் என்றேன். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து வரிசையைப் பேசினோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவீர்களென்றால் அது இதுவாக இருக்கட்டும்: பதிவாளர் சொல்ல வேண்டிய வாசகமும் ஜோடி சொல்ல வேண்டிய வாசகமும் சட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றை நடுவில் வைத்து மற்றதை அவற்றைச் சுற்றிக் கட்டினால் சடங்குக்கு முதுகெலும்பு தானாக வந்துவிடும்.

பதிவாளர் சொல்வதன் சாரம் இது. என் முன்னிலையில் நீங்கள் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக வெளிப்படையாக ஏற்று, பதிவேட்டில் கையெழுத்திடுவதன் மூலம் சட்டப்படி திருமணமாகிறீர்கள், வேறு எந்தச் சமயச் சடங்கும் நடக்காவிட்டாலும் கூட. இந்தத் திருமணம் நீதிமன்றத்தின் செல்லுபடியான விவாகரத்துத் தீர்ப்பினாலன்றி நீங்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை கலையாது. அதற்கு முன்னால் வேறொருவரை மணந்தால் அது குற்றம், தண்டனை உண்டு. இதன்பின் இருவரும் தனித்தனியே, இங்கே கூடியிருப்பவர்கள் எல்லோரையும் சாட்சியாக அழைத்து, இன்னாரை என் சட்டபூர்வமான மனைவியாக, கணவனாக ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், கூடியிருக்கும் எல்லோரையும் சாட்சிக்கு அழைக்கிற ஒரு வாக்கியத்தை ஐஸ்கிரீம் மேசையடியில் நாலு பேருக்கு முன்னால் முணுமுணுக்க விடுகிறோம்.

அன்றைய வரிசையை இப்படி வைத்தோம். பெற்றோர் நால்வரும் சேர்ந்து விளக்கேற்றினார்கள். நான் வரவேற்று, இரண்டு குடும்பங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசினேன். பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களே எழுதிய சில வரிகளை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அதன் பிறகு மைக் பதிவாளரின் கையில். அவர் வாசகம், அவர்கள் ஏற்பு, கையெழுத்துகள். கையெழுத்து முடிந்த கையோடு கெட்டிமேளம், தாலி. கடைசியில் ஆசீர்வாதம். பெண் வீட்டார் அறுகரிசி போட்டார்கள், மாப்பிள்ளையின் அப்பா நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டார். யாரும் யாரையும் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

தாலிக்கு முன்னால் எழுத்தா, பின்னாலா என்பதில் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. தாலி முதலில் ஏற வேண்டும், எழுத்தெல்லாம் பிறகு என்பது பெரியம்மாவின் கட்சி. சட்டத்துக்கு இதில் அக்கறை இல்லை. நான் எழுத்து முதலில் என்று நின்றதற்குக் காரணம் நடைமுறைதான். கெட்டிமேளம் கொட்டிய அடுத்த நிமிடம் சபை கலைந்துவிடும். அறுகரிசியைப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் பந்தியில் இடம் பிடிக்க ஓடுவார்கள். பிறகு பதிவாளர் யாருக்கு வாசிப்பது? முகூர்த்தம் 10.12க்குத் தொடங்கி 10.50 வரைக்கும் இருந்தது. எழுத்தையும் தாலியையும் அந்த நேரத்துக்குள்ளேயே அடக்கித் தருகிறேன் என்றதும் பெரியம்மா இறங்கி வந்தார். ஆகவே முகூர்த்தத்தைச் சோதிடரிடம் கேட்கும்போதே நீளமான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

அன்று பதிவாளர் வந்ததும் செய்த முதல் காரியம் மண்டபத்துப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தக் கதவைத் திறந்து விடும்" என்றது. ஏசி போகுமே என்று அவன் தயங்கினான். திறந்த கதவோடு, காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில், இரண்டு சாட்சிகளுக்குக் குறையாமல் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஒளித்துச் செய்யும் கலியாணமாக இருக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. கதவு திறந்தது, காலி வீதியின் பஸ் ஹோர்ன் சத்தமும் சேர்ந்து உள்ளே வந்தது. ஹோட்டல்களில் பின்னேரம் கலியாணம் வைப்பவர்கள் இந்த ஆறு மணியைக் கவனியுங்கள். அழைப்பிதழில் ஆறரை என்று போட்டுவிட்டுப் பதிவாளரைத் தேடாதீர்கள். நேரம் தள்ளித்தான் வைக்க வேண்டுமென்றால் விசேட அனுமதி பற்றி அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் ஐந்து மணிக்கு எழுத்தை முடித்துவிட்டு, பிறகு ஆறுதலாக ரிசெப்ஷனுக்குப் போவது புத்தி.

மைக்கைப் பிடித்த ஐயா அசத்திவிட்டார். எத்தனையோ வருடமாக வேகமாக ஒப்புவித்து வந்ததை அன்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "வேறு எந்தச் சடங்கும் நடக்காவிட்டாலும்" என்ற இடத்தில், முன்வரிசையிலிருந்த பெரியம்மா பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "அப்ப இதுதான் கலியாணமோ?" என்றார். அவர் மெல்லப் பேசிப் பழகாதவர், மண்டபம் முழுக்கக் கேட்டது. இரண்டாவது கலியாணம் செய்தால் தண்டனை என்ற இடத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விசிலடித்தார்கள். எந்தக் கலியாணத்திலும் அந்த வரியில் சிரிப்பு வரும். பதிவாளரிடம் முன்பே சொல்லி அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தச் சொல்லுங்கள். சிரிப்பு அடங்கிய பிறகு ஏற்பு வாசகம் வந்தால் அது இன்னும் நன்றாக எடுபடும்.

நீங்கள் நடத்திவைப்பவராக நிற்கும்போது "இவர்களைக் கணவன் மனைவியாக அறிவிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படங்களில் கேட்டுக் கேட்டு நாக்கு நுனியில் நிற்கும். அந்த அதிகாரம் நமக்கு இல்லை. பதிவேட்டில் கையெழுத்து முடிந்ததும், "பதிவாளர் ஐயா முன்னிலையில் இவர்கள் இப்போது கணவன் மனைவி" என்று சபைக்குத் தெரிவித்தால் போதும். கைதட்டல் அதே அளவுதான் வரும்.

கையெழுத்து நேரத்தில் ஒரு நீண்ட மௌனம் விழும், அதை நிரப்ப ஆயத்தம் வேண்டும். பதிவேட்டை நிரப்பிக் கையெழுத்துகள் முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நாதஸ்வரக்காரரிடம் அந்த இடத்துக்கென்று ஒரு மெல்லிய உருப்படி கேட்டு வைத்தோம். தவில்காரரிடம் மட்டும் என் கையைப் பார்த்துத்தான் கெட்டிமேளம் என்று இரண்டு தடவை சொன்னேன். கையெழுத்தின் நடுவில் யாராவது உணர்ச்சிவசப்பட்டுக் கையை ஆட்டினால் அவர் கொட்டத் தொடங்கிவிடுவார். புகைப்படக்காரர்களும் மேசைக்கும் சபைக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்பார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கங்களிலும் இடம் குறித்துக் கொடுங்கள்.

சாட்சிகள் விஷயத்தில் நமது ஆட்கள் மரியாதையைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். குடும்பத்தில் மூத்தவர், லண்டனிலிருந்து வந்த சித்தப்பா. சட்டம் கேட்பது மதிப்புள்ள சாட்சிகளைத்தான், அதில் பிழையில்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிட்டவுடன் வரக்கூடியவராக ஒருவராவது இருக்கட்டும் என்பது என் புதுக்கடைப் புத்தி. எங்கள் பிள்ளைக்கு ஒரு சாட்சி அவளுடைய தாய்மாமன், மற்றவர் மாப்பிள்ளையோடு வேலை செய்கிறவர். இருவரையும் அடையாள அட்டையோடு வரச் சொல்லியிருந்தேன். பட்டு வேட்டியில் பொக்கெட் இல்லை என்று மாமன் அதை மனைவியின் கைப்பையில் வைத்திருந்தார், மனைவி அப்போது பலகாரத் தட்டுகளோடு மாடியில் இருந்தார். இப்படியெல்லாம் நடக்கும். அடையாள அட்டைகளை விளக்கேற்ற முன்பே சேர்த்து ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பெயர்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என்று இல்லாத தமிழ்க் குடும்பம் கொழும்பில் அபூர்வம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக இருக்கும், ஓரிடத்தில் முதலெழுத்தாக இருக்கும். சிங்களத்தில் பதிகிறவர் என்றால் ழகரம் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் திகதியையும் பெண்ணும் மாப்பிள்ளையும் விரல் வைத்து வாசிக்க வேண்டும். பிறகு திருத்துவது அலைச்சல். முன்பு திருமணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் இறுதிக் கட்டளை, துணையை இழந்தவர் என்றால் மரண அத்தாட்சிப் பத்திரம் அறிவித்தல் கொடுக்கும்போதே கையில் இருக்க வேண்டும். விவாகரத்து "கிட்டத்தட்ட முடிஞ்சுது" என்று சொல்கிறவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்புவேன்.

அதற்குப் பிறகு பல வீடுகளுக்கு நடத்திக் கொடுத்திருக்கிறேன். சிலவற்றை மறுத்தும் இருக்கிறேன். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த ஒரு குடும்பம், தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். தமிழ்நாட்டுச் சொந்தங்களில் சர்வசாதாரணம், அவர்கள் வீட்டிலும் பழைய தலைமுறையில் நடந்திருக்கிறது. ஆனால் இலங்கையின் பொது விவாகச் சட்டத்தில் சகோதரனுடைய மகளையோ சகோதரியுடைய மகளையோ மணப்பது தடை செய்யப்பட்ட உறவு. மச்சான் மச்சாள் முடிக்கலாம், மாமன் மருமகள் முடியாது. பதிவாளர் எழுத மாட்டார், நானும் நடத்த மாட்டேன். வயதும் அப்படித்தான்: 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இருவருக்கும் 18. ஜோடியில் ஒருவர் முஸ்லிம், மற்றவர் இல்லை என்றால் பொதுச் சட்டத்தின் கீழ் பதியலாம். இருவரும் முஸ்லிம்கள் என்றால் 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம், அது என் எல்லைக்கு வெளியே.

வெளிநாட்டு மாப்பிள்ளைகள் வெள்ளவத்தைக்கு வந்து இறங்கும் ஆடி ஆவணிக் காலத்தில் எனக்குத் தொலைபேசி ஓயாது. இரண்டு கிழமை லீவில் பெண்ணும் மாப்பிள்ளையும் வெவ்வேறு நாடுகளிலிருந்து வருவார்கள், பத்தாம் நாள் கலியாணம். இருவருமே வெளியே இருப்பவர்கள் என்றால் ஒருவராவது இங்கே குறைந்தது நான்கு நாள் தங்கிய பிறகுதான் அறிவித்தல் கொடுக்கலாம். அதன் பிறகு அந்த 12 நாளுக்கு விசேட அனுமதி எடுக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவருக்கு, அவர் இப்போது யாரையும் மணந்திருக்கவில்லை என்று காட்டும் பத்திரமும் அந்த நாட்டிலிருந்து வேண்டும். அதை விமானம் ஏற முன் எடுப்பது எளிது, இங்கே வந்து எடுப்பது பெரும்பாடு. 2022 ஜனவரியில் வெளிநாட்டவரிடம் பாதுகாப்பு அனுமதி கேட்கும் சுற்றறிக்கை ஒன்று நடைமுறைக்கு வந்தபோது, தாலி செய்யக் கொடுத்துவிட்டுத் திகைத்து நின்ற குடும்பங்கள் உண்டு. சுற்றறிக்கைகள் மாறிக்கொண்டிருக்கும். போன வருடம் மச்சாளின் மகளுக்கு எப்படி நடந்தது என்பதை வைத்து முடிவெடுக்காமல் மேலதிக மாவட்டப் பதிவாளரிடமே கேளுங்கள்.

சீதனக் காணி உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட ஆணை மணக்கும் பெண், தான் அந்தச் சட்டத்துக்கு உட்படாதவளாக இருந்தாலும், அந்தத் திருமணம் நீடிக்கும் காலத்தில் அதற்குள் வந்துவிடுகிறாள். அதன் கீழ் அவள் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ பொதுவில் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தேசவழமைப் பெண் வெளியே மணந்தால் நிலைமை மாறும். எங்கள் பக்கத்து ஃபிளாட் பிள்ளைக்கு அப்படித்தான். இதைக் கலியாண வீட்டில் பேசினால் அபசகுனம் என்பார்கள், அதனால் அறிவித்தல் கொடுக்கப் போகும் வழியில் ஓட்டோவில் வைத்துச் சொல்லிவிடுவேன்.

"நீங்களே பதிவாளராகிவிடலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. அது இணையத்தில் ஐந்து நிமிடத்தில் வாங்கும் பட்டமல்ல. ஒரு பிரிவில் வெற்றிடம் வந்தால் வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். அந்தப் பிரிவில் நிரந்தரமாக வசிக்க வேண்டும், நேர்முகத் தேர்வு உண்டு, அலுவலகம் நடத்த இடம் வேண்டும். முழுச் சம்பள உத்தியோகமும் அல்ல. பிரிவை விட்டு அசைய முடியாது, ஆட்கள் எந்த நேரத்திலும் கதவைத் தட்டுவார்கள். எங்கள் ஐயாவின் முன்னறையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாலே அது புரிந்துவிடும். ஊரில் மதிப்பும் பொறுமையும் உள்ளவர்கள் விண்ணப்பியுங்கள். அதுவும் கொழும்பில் தமிழில் பதியக்கூடியவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். எனக்கு மைக்கே போதும்.

கலியாணம் முடிந்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கும். விவாக அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். ஒன்றோடு நிற்காமல் சிலவற்றைச் சேர்த்து எடுங்கள். வெளிநாட்டு அலுவலுக்கு என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பில் பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் காசைக் கொடுங்கள்.